பாத்ரூம் சீலிங் விளக்கை எல்இடிக்கு மாற்றி டிம்மர் போடுவது: சீலிங்கை மூடும் முன் என்னென்ன முடிவெடுக்க வேண்டும்?

#1 · ஈரச்சுவர்

பாத்ரூமை மொத்தமாகப் பெயர்த்துவிட்டுப் புதிதாகச் செய்துகொண்டிருக்கிறோம். டைல்ஸ், குழாய், கமோடு எல்லாம் முடிவாகிவிட்டது. சீலிங் விளக்கில் வந்து நிற்கிறது.

இப்போது இருப்பது இது. அறை 2.4 மீட்டருக்கு 2 மீட்டர், ஃபால்ஸ் சீலிங்கின் உயரம் 2.4 மீட்டர். சீலிங்குக்குள் பதித்த ஆறு ஹாலஜன் விளக்குகள், ஒவ்வொன்றும் 12 வோல்ட், 50 வாட். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு சின்ன எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மர், அதன்மேல் 20–60 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. கதவுக்கு வெளியே சுவரில் திருகும் டிம்மர். அதன் முதுகில் 60–400 வாட். எக்ஸாஸ்ட் ஃபேனும் விளக்கோடு சேர்ந்தே ஓடும், தனி சுவிட்ச் கிடையாது.

பார்க்கலாமே என்று இரண்டு ஹாலஜனைக் கழற்றிவிட்டு, பெட்டியில் 'டிம்மபிள்' என்று போட்ட 6 வாட் எல்இடி மாட்டினேன். மற்ற நான்கும் பழையபடி அழகாக மங்குகின்றன. புதிய இரண்டும் முழு வெளிச்சத்திலேயே லேசாகத் துடிக்கின்றன. பாதிக்குக் கீழே இறக்கினால் விட்டு விட்டு எரிகின்றன. வெளிச்சத்தைக் குறைக்கும்போது ஃபேன் உறுமுவது பழைய கதை, அது ரொம்ப நாளாகவே இருக்கிறது.

தேவை இதுதான்: காலையில் ஷேவ் செய்ய நல்ல வெளிச்சம், ராத்திரி எழுந்து போனால் கண் கூசக்கூடாது. சீலிங் போர்டை சீக்கிரம் கழற்றப் போகிறார்கள். டிம்மரை மட்டும் மாற்றினால் போதுமா?

#2 · வயர்மேன்

போதாது. விடையை நீங்களே பாதி எழுதிவிட்டீர்கள்.

நான்கு ஹாலஜனும் ஒழுங்காக மங்குகின்றன என்றால் இப்போதைக்குத் தகராறு டிம்மரிடம் இல்லை. நான்கு ஐம்பது இருநூறு வாட், அதோடு எல்இடி பன்னிரண்டு. 60 வாட்டுக்கு மேலே தாராளமாக இருக்கிறது, அதனால் டிம்மர் நிம்மதியாக வேலை செய்கிறது. சிக்கல் டிரான்ஸ்ஃபார்மரில். அதற்குக் குறைந்தது 20 வாட் இழுக்கும் விளக்கு வேண்டும். நீங்கள் கொடுத்தது 6. போதிய லோடு இல்லாததால் அது ஓடத் தொடங்கி, நின்று, மறுபடி தொடங்குகிறது. அதைத்தான் துடிப்பு என்று பார்க்கிறீர்கள்.

இப்போது மற்ற நான்கையும் எல்இடி ஆக்கினால் மொத்தமே 36 வாட். அப்போது டிம்மரும் தன் குறைந்தபட்ச லோடுக்குக் கீழே போய்விடும். ஒரு பிரச்சனை இரண்டாகும். டிம்மரை மட்டும் மாற்றினால் இரண்டாவது தீரும், முதலாவது அப்படியே இருக்கும்.

ஆகவே சீலிங் திறக்கும்போது அந்த ஆறு டிரான்ஸ்ஃபார்மர்களையும் எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு இரண்டு வழி. ஒன்று, வீட்டு மின்சாரத்திலேயே (மெயின்ஸ்) நேரடியாக எரியும் ஜியு10 பல்பு. டிரான்ஸ்ஃபார்மரே வேண்டாம், பல்பு போனால் பல்பை மட்டும் மாற்றலாம். இரண்டு, தனி டிரைவரோடு (வீட்டு மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி) வரும் எல்இடி டவுன்லைட். எதை எடுத்தாலும் விளக்கு, டிரைவர், டிம்மர் மூன்றையும் ஒரு செட்டாக நினைத்து வாங்குங்கள். விளக்குக் கம்பெனிகள் பல, எந்த டிம்மரோடு சோதித்தோம் என்று ஒரு பட்டியல் வெளியிடுகின்றன. அதில் இருக்கும் டிம்மரை வாங்குவதுதான் புத்திசாலித்தனம். பெட்டிமேல் 'டிம்மபிள்' என்று போட்டிருப்பதற்கு, ஏதோ ஒரு டிம்மரோடு மங்கும் என்பதுதான் பொருள். உங்கள் டிம்மரோடு என்று அல்ல.

ஃபேன் உறுமுவது தனி விஷயம், அதை சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விளக்கு டிம்மருக்குப் பின்னால் மோட்டாரை மாட்டியிருக்கிறார்கள். டிம்மர் மின்சார அலையில் ஒரு பகுதியை வெட்டித்தான் வெளிச்சத்தைக் குறைக்கிறது; அப்படி வெட்டுப்பட்ட அலை போனால் ஃபேன் மோட்டார் சத்தம் போடும், சூடாகும், சீக்கிரம் போய்விடும். டிம்மரும் அதோடு சேர்ந்து பாழாகும். ஃபேனுக்குத் தனி வயர், தனி சுவிட்ச். இதில் பேச்சே இல்லை.

#3 · நிழல்விரும்பி

எல்லாரும் டிம்மருக்கே போகிறீர்கள். நான் எதிர்க்கட்சி.

5 சதுர மீட்டர் கூட இல்லாத அறைக்கு டிம்மர் எதற்கு? பாத்ரூமில் யாரும் வெளிச்சத்தை 63 சதவீதத்தில் வைத்து ரசிப்பதில்லை. தேவை இரண்டே நிலைதான்: முழு வெளிச்சம், ராத்திரி வெளிச்சம். இரண்டு சர்க்யூட் போடுங்கள். ஒன்றில் சீலிங் விளக்குகள், சாதாரண சுவிட்ச். இன்னொன்றில் 1 வாட், 2 வாட் எல்இடி ஒன்று, கீழே வாஷ்பேசின் அலமாரிக்கு அடியிலோ கமோடுப் பக்கச் சுவரில் முழங்கால் உயரத்திலோ. அதற்கு ஒரு அசைவு உணரும் சென்சார். ராத்திரி சுவிட்சைத் தேடிச் சுவரைத் தடவ வேண்டியதில்லை. துடிப்பு, உறுமல், பட்டியல் தேடல் எதுவும் இல்லை. கெட்டுப்போக ஒரு பொருள் குறைவு.

சீலிங்கிலிருந்து வரும் வெளிச்சம் எவ்வளவு மங்கினாலும் தூக்கக் கலக்கத்தில் அண்ணாந்தால் கண்ணில் குத்தும். கீழே இருந்து வருவது குத்தாது.

#4 · ஈரச்சுவர்

வயர்மேன் சார், டிரான்ஸ்ஃபார்மர் கணக்கு நன்றாகப் புரிந்தது. நன்றி.

நிழல்விரும்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் என் மனைவிக்கு ராத்திரி நிதானமாகக் குளிக்கப் பிடிக்கும். அப்போது வெளிச்சம் பாதிக்கும் கீழேதான் வேண்டும் என்கிறாள். ஹாலஜன் மங்கும்போது மஞ்சளாக ஆகுமே, அது எல்இடியில் வருமா? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் டிம்மரை விட வீட்டில் சம்மதம் கிடைக்காது.

#5 · கண்ணாடிமுன்

சாதாரண எல்இடியில் வராது. 3000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்துக்கான எண், குறையக் குறைய மஞ்சள்) விளக்கு 5 சதவீதத்துக்கு இறங்கினாலும் அதே 3000-தான், வெறுமனே இருட்டாகும். கொஞ்சம் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். 'வார்ம் டிம்' என்று ஒரு வகை இருக்கிறது: முழு வெளிச்சத்தில் 2700 அல்லது 3000 கெல்வின், இறக்க இறக்க 2000-க்குப் பக்கத்தில் போகும். ஹாலஜன் பழகிய கண்ணுக்கு அதுதான் சரி. விலை கூடுதல், அதனால் எல்லா இடத்துக்கும் போட வேண்டாம்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. ஆறு விளக்கை அதே ஆறு ஓட்டையில் மாற்றப் போகிறீர்களா? அதை முதலில் யோசியுங்கள். பழையபடி இரண்டு வரிசை, மூன்று மூன்றாக என்றால், அநேகமாக ஒன்று நீங்கள் கண்ணாடி முன் நிற்கும்போது நேர் தலைக்கு மேல் வரும். நேர் மேலிருந்து விழும் வெளிச்சத்தில் நெற்றி பளிச்சிடும், கண்ணுக்குக் கீழும் மூக்குக்குக் கீழும் தாடைக்குக் கீழும் நிழல். ஷேவ் செய்கிறவருக்குத் தேவையான இடமெல்லாம் இருட்டு! அங்கே எவ்வளவு வாட் கூட்டினாலும் நிழல்தான் கருக்கும்.

முகத்துக்கு வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வர வேண்டும். கண்ணாடிக்கு இரண்டு பக்கமும், கண் உயரத்தில், மேலே பால் கண்ணாடி மாதிரி மூடி போட்ட விளக்கு. நிறம் சரியாகத் தெரிய சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற எண், 100 உச்சம்) 90 அல்லது அதற்கு மேல் பாருங்கள். முகத்துக்கு என்றால் அதில் ஆர்9 என்று சிவப்புக்கான எண் தனியாகக் கொடுத்திருந்தால் அதையும் பாருங்கள். சிவப்பு குறைந்த வெளிச்சத்தில் எல்லார் முகமும் நோயாளி முகம்.

இன்னொன்று, ஒளிக்கற்றையின் கோணம். 38 டிகிரி விளக்கு 2.4 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் சுமார் 1.65 மீட்டர் வட்டம் போடும். முகம் இருக்கும் 1.5 மீட்டர் உயரத்தில் அந்த வட்டம் 60 சென்டிமீட்டர்தான். ஒரு அடி தள்ளி நின்றால் முகம் வட்டத்துக்கு வெளியே. ஹாலஜன் காலத்து அமைப்பில் சுவரெல்லாம் வில் வில்லாக வெளிச்சமும் நடுவில் திட்டுத் திட்டாக இருளும் தெரிவது இதனால்தான். 60 டிகிரிக்கு மேல் எடுங்கள்.

#6 · வயர்மேன்

இதை வழிமொழிகிறேன். எண்ணிக்கையும் குறையும். கழிப்பறை, குளியலறைப் பொது வெளிச்சத்துக்கு 200 லக்ஸ் என்பது வழக்கமான அளவு, அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 200 லூமன் (லூமன் என்பது விளக்கு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு). உங்கள் அறை 4.8 சதுர மீட்டர். பெருக்கினால் 960 லூமன். சுவர், டைல்ஸ் குடிப்பதையும் நாள்பட மங்குவதையும் சேர்த்து 1500-லிருந்து 2000 வரை எடுத்துக்கொள்ளலாம். 500 லூமன் விளக்கு நான்கு போதும். ஆறு தேவையே இல்லை.

#7 · சந்தேகி

ஃபேன் ரெகுலேட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதை விளக்குக்கு மாட்டினால் மங்காதா?

#8 · வயர்மேன்

மாட்டாதீர்கள். இப்போதைய ஸ்டெப் ரெகுலேட்டருக்குள் இருப்பது கெபாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கி விடும் பாகங்கள்). மோட்டாருக்கு ஏற்ற சரக்கு. எல்இடி டிரைவர் அதோடு எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது: மங்காமல் இருக்கலாம், துடிக்கலாம், டிரைவர் எரிந்தும் போகலாம்.

#9 · சீலிங்காரர்

நான் சீலிங் போடுகிறவன். மின் வேலை பார்ப்பவர்கள் போன பிறகு ஓட்டையோடு மல்லுக்கு நிற்பது நாங்கள்தான், அதனால் சில விஷயம் சொல்கிறேன்.

புதுப் போர்டு போடுகிறீர்கள் என்றால் ஈரம் தாங்கும் ஜிப்சம் போர்டோ கால்சியம் சிலிகேட் போர்டோ கேளுங்கள். சாதாரண ஜிப்சம் ஆவியில் ஊறித் தொங்கும். விளக்கு கையில் வந்த பிறகே ஓட்டை போடச் சொல்லுங்கள். பெட்டியில் இருக்கும் கட்-அவுட் அளவு, உதாரணமாக 75 மி.மீ. என்றால் 75 மி.மீ. ஹோல் சா (டிரில்லில் மாட்டும் வட்ட ரம்பம்); கையால் ரம்பம் போட்டு அறுத்தால் விளிம்பு பிசிறும், விளக்கின் ரப்பர் வளையம் போர்டோடு ஒட்டி உட்காராது. அந்த இடுக்கு வழியாக ஆவி மேலே போகும். பழைய போர்டை வைத்துக்கொள்கிறவர்கள் கவனிக்க: சின்ன ஓட்டையைப் பெரிதாக்கலாம், பெரிய ஓட்டையைச் சின்னதாக்க முடியாது.

ஜாயிஸ்ட் அல்லது சேனல் (போர்டைத் தாங்கும் சட்டம்) எங்கே ஓடுகிறது என்று போர்டு மாட்டும் முன்பே ஃபோட்டோ எடுத்து வையுங்கள், பக்கத்தில் டேப்பை விரித்துப் பிடித்து. பிறகு அது தங்கம்.

முக்கியமானது இது. ஐபி என்பது பாதுகாப்பு எண்: முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி65 என்று போட்ட டவுன்லைட் பலவற்றில் அந்த 65 முகத்துக்கு மட்டும்தான். சீலிங்குக்கு மேலே இருக்கும் முதுகுப் பக்கம் ஐபி20. அதாவது கீழேயிருந்து தண்ணீர் பீய்ச்சினால் தாங்கும். மேலே மாடிக் குழாய் கசிந்து சொட்டினால் தாங்காது. விவரத் தாளில் இரண்டையும் தனித்தனியாகப் பார்த்து வாங்குங்கள். டிரைவரை போர்டு மேல் அப்படியே போட்டுவிட்டுப் போகாமல், கசிவு விழாத இடத்தில், ஓட்டை வழியாகக் கையை விட்டு எடுக்கும் தூரத்தில் வைக்கச் சொல்லுங்கள். விளக்கைக் கழற்றினால் டிரைவர் அந்த ஓட்டை வழியாக வெளியே வர வேண்டும். வராவிட்டால் நாளைக்கு டிரைவர் போனதும் சீலிங்கை அறுக்க என்னைத்தான் கூப்பிடுவீர்கள்.

#10 · நிழல்விரும்பி

> நாளைக்கு டிரைவர் போனதும்

இதைத்தான் சொல்கிறேன். எல்இடி சில்லு அவ்வளவு சுலபத்தில் போகாது. போவது டிரைவருக்குள் இருக்கும் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர். சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் கைக்கணக்கு. காற்று புகாத சீலிங்குக்குள், மேலே வெப்பத் தடுப்புப் பஞ்சு வேறு போட்டு மூடினால் 25,000 மணி நேரம் என்ற அட்டைப் பெட்டி வாசகத்தை நம்ப வேண்டாம். டிரைவரும் விளக்கும் ஒரே உடம்பாக ஒட்டி வரும் வகையை பாத்ரூமுக்கு வாங்கவே கூடாது என்பது என் கட்சி.

#11 · மீட்டர்கை

இவ்வளவு பேச்சில் ஷவர் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லையே?

பாத்ரூம் மின் வேலைக்கு ஐஇசி 60364-7-701 என்று ஒரு சர்வதேசத் தரம் உண்டு. பல நாட்டு விதிகள் இதையொட்டியே எழுதப்பட்டவை, ஆனால் உங்கள் ஊர் விதிதான் கடைசி வார்த்தை. அது அறையை ஜோன்களாகப் பிரிக்கிறது. தொட்டிக்கு உள்ளே ஜோன் 0. அதற்கு நேர் மேலே, தரையிலிருந்து 2.25 மீட்டர் வரை ஜோன் 1. ஷவர் தலை அதற்கும் மேலே இருந்தால் அந்த உயரம் வரை. ஜோன் 1-லிருந்து பக்கவாட்டில் இன்னொரு 60 சென்டிமீட்டர் ஜோன் 2. தொட்டி இல்லாத, தரையிலேயே தண்ணீர் ஓடும் ஷவர் என்றால் கணக்கு வேறு: சுவரிலோ சீலிங்கிலோ தண்ணீர் வெளிவரும் நிலையான முனையை மையமாக வைத்து 1.2 மீட்டர் வரை ஜோன் 1, ஜோன் 2 கிடையாது. ஜோன் 1, 2-இல் குறைந்தது ஐபிஎக்ஸ்4 (எக்ஸ் என்றால் தூசி எண் குறிப்பிடவில்லை, தண்ணீர் எண் 4), ஜோன் 0-இல் ஐபிஎக்ஸ்7-ஓடு 12 வோல்ட்டுக்கு மிகாத மின்சாரம்.

உங்கள் சீலிங் 2.4 மீட்டர், ஆகவே காகிதத்தில் விளக்குகள் ஜோனுக்கு வெளியே. ஆனால் கையில் பிடிக்கும் ஷவரைக் குழந்தை கையில் கொடுத்தால் தண்ணீருக்கு ஜோன் தெரியாது. ஷவருக்கு மேலே இருப்பதை ஐபி65 ஆகவே போடுங்கள், மற்றவை ஐபி44.

பாத்ரூமுக்குப் போகும் சர்க்யூட்கள் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி-க்கு (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) பின்னால் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் டிம்மர் பேச்சை நிறுத்திவிட்டு அதை முதலில் முடியுங்கள். எம்சிபி (லோடு அதிகமானால் விழும் சுவிட்ச்) ஆளைக் காப்பாற்றாது. அது வயரைக் காப்பாற்றுகிற பொருள்.

கடைசியாக, திருப்புளி டெஸ்டரில் நியான் எரியவில்லை என்பதை நம்பி வயரைத் தொடாதீர்கள். இரண்டு முனை டெஸ்டரோ மல்டிமீட்டரோ எடுத்து, முதலில் மின்சாரம் இருக்கும் ஒரு இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்து, பிறகு எம்சிபியை இறக்கி வேலை செய்யும் இடத்தில் வைத்து, மறுபடி மின்சாரம் இருக்கும் இடத்தில் வையுங்கள். நடுவில் பேட்டரி போயிருந்தால் தெரிந்துவிடும்.

#12 · ஈரச்சுவர்

சீலிங் இறக்கியாயிற்று. ஷவர் தொட்டி இல்லாத வகைதான், மூலையில், ஒரு பக்கம் கண்ணாடி. ஆர்சிசிபி இருக்கிறது, சோதனை பட்டனை அழுத்தினால் விழுகிறது.

இப்போது புது விஷயம். டிம்மர் பெட்டியைத் திறந்து பார்த்தேன் (எம்சிபி இறக்கி, மீட்டர்கை சொன்னபடி). உள்ளே இரண்டே வயர். ஃபேஸ் வருகிறது, விளக்குக்குப் போகிறது. நியூட்ரலே (மின்சாரம் திரும்பும் வயர்) இல்லை. அது மேலே சீலிங் ஜங்ஷனிலிருந்து நேரே விளக்குக்குப் போகிறது. பக்கத்து ஹால் சுவிட்ச் பெட்டியில் நியூட்ரல் இருக்கிறது, அங்கிருந்து ஒரு துண்டு இழுத்துக்கொள்ளலாமா?

#13 · வயர்மேன்

ஹால் பெட்டியிலிருந்து இழுக்காதீர்கள். ஒரு சர்க்யூட்டின் ஃபேஸையும் இன்னொரு சர்க்யூட்டின் நியூட்ரலையும் சேர்த்தால், இரண்டுக்கும் தனித்தனி ஆர்சிசிபி இருந்தால் காரணமே புரியாமல் விழும். அதைவிட மோசம், நாளைக்கு ஒருவர் ஹால் எம்சிபியை மட்டும் இறக்கிவிட்டு அங்கே நியூட்ரலைக் கழற்றினால், பாத்ரூம் விளக்கு வழியாக வரும் மின்சாரம் அந்த வயர் நுனியில் நிற்கும். எர்த் வயரை நியூட்ரலாக்குகிற யோசனையும் யாராவது சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சீலிங் திறந்துதான் இருக்கிறது. அதே சர்க்யூட்டின் ஜங்ஷன் பெட்டியிலிருந்து டிம்மர் பெட்டிவரை பைப்பில் நியூட்ரல் ஒன்று புதிதாக இழுக்கச் சொல்லுங்கள். இப்போது இது சின்ன வேலை. மூடிய பிறகு சுவரை உடைக்கும் வேலை.

ஏன் தேவை என்றால், நியூட்ரல் இல்லாத இரண்டு வயர் டிம்மர் தனக்கு வேண்டிய மின்சாரத்தை விளக்கு வழியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். 300 வாட் ஹாலஜனில் அந்தச் சொட்டு மின்சாரம் யாருக்கும் தெரியாது. நான்கு எல்இடி சேர்ந்து 28 வாட் அளவுதான் என்றால் தெரியும்: அணைத்த பிறகும் இருட்டில் லேசாக மினுங்கும், அல்லது சில நொடிக்கு ஒருமுறை பளிச்சென்று வெட்டும். இதற்கு விளக்கோடு இணையாக பைபாஸ் கெபாசிட்டர் மாட்டுவார்கள், வேலை செய்யும், ஆனால் சீலிங்கைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த ஒட்டுவேலை எதற்கு.

ஃபேனுக்கு இழுக்கும்போது ஒரு வயர் கூடுதலாக இழுத்துவிடுங்கள்: நிரந்தர ஃபேஸ், சுவிட்ச் ஃபேஸ், நியூட்ரல், எர்த். விளக்கை அணைத்த பிறகும் பத்து நிமிடம் ஓடுகிற டைமர் ஃபேனுக்கு நிரந்தர ஃபேஸ் வேண்டும். ஈரம் போகாவிட்டால் எந்த ஐபி எண்ணும் உதவாது.

டிம்மர் வகை: டிரெய்லிங் எட்ஜ். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அலை நொடிக்கு 100 முறை எழுந்து விழுகிறது. பழைய லீடிங் எட்ஜ் டிம்மர் ஒவ்வொரு அரை அலையின் முன்பகுதியை வெட்டிவிட்டு நடுவில் திடீரென்று திறக்கும், நொடிக்கு நூறு முறை கதவை எட்டி உதைத்துத் திறப்பது போல. டங்ஸ்டன் இழைக்கு அது உறைக்காது. டிரைவருக்குள் இருக்கும் கெபாசிட்டர் ஒவ்வொரு முறையும் ஒரு மொத்து வாங்குகிறது, அதனால் ரீங்காரம். டிரெய்லிங் எட்ஜ் அலையை பூஜ்யத்திலிருந்து இயல்பாக ஏற விட்டுப் பின்பகுதியை வெட்டும். சத்தம் குறைவு. டிம்மரில் வாட் பார்க்கும்போது எல்இடிக்கு என்று தனியாக அச்சிட்ட எண்ணைப் பாருங்கள், அது ஹாலஜன் எண்ணைவிட நிறையக் குறைவாக இருக்கும்.

#14 · விரல்நுனி

இந்தக் காலத்திலும் சுவரில் டிம்மரா? ஸ்மார்ட் பல்பு போட்டால் ஃபோனிலேயே மங்கலாக்கலாம், நிறமும் மாற்றலாம்.

#15 · கண்ணாடிமுன்

ஈரக்கையோடு ஃபோனைத் தேடச் சொல்கிறீர்கள். சரி, அது அவரவர் விருப்பம். ஆனால் ஸ்மார்ட் பல்பு போட்டால் சுவர் டிம்மரை எடுத்துவிட வேண்டும், அது முக்கியம். உள்ளே இருக்கும் ரேடியோவுக்கு எப்போதும் முழு மின்சாரம் வேண்டும். வெட்டிய அலையைக் கொடுத்தால் தொடர்பு அறுந்து தானாக அணைந்து எரியும். விருந்தாளி சுவிட்சை அணைத்துவிட்டால் ஃபோனில் எதுவும் நடக்காது.

வயரைத் தொடவே முடியாதவர்களுக்கு ஸ்டெப் டிம் பல்பு என்று ஒன்று இருக்கிறது. சாதாரண சுவிட்சையே ஒருமுறை அணைத்து உடனே போட்டால் முழு வெளிச்சம், பாதி, கொஞ்சம் என்று மாறும். வாடகை வீட்டுக்குச் சரியான சாமான்.

#16 · நிழல்விரும்பி

டிம்மர் விளம்பரத்தில் வரும் '10 சதவீதம் வரை மங்கும்' என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மீட்டரில் 10 சதவீதம் என்றால் கண்ணுக்கு 30 சதவீதத்துக்குச் சற்று மேல் இருப்பதாகத் தெரியும். கண்பாவை விரிந்து ஈடுகட்டிவிடும். கண்ணுக்குப் பத்தில் ஒரு பங்காகத் தெரிய வேண்டுமானால் விளக்கு 1 சதவீதத்துக்கு இறங்க வேண்டும், அதை எல்லா எல்இடியும் துடிக்காமல் செய்யாது. ஆகவே டிம்மர் போட்டாலும் ராத்திரி விளக்கு தனியாக வேண்டும். இதில் இறங்கி வர மாட்டேன்.

#17 · வயர்மேன்

இதில் நானும் உங்கள் கட்சிதான்.

ஈரச்சுவர், போர்டு மாட்டுவதற்கு முன்னால் எல்லா விளக்கையும் டிரைவரோடு தொங்கவிட்டு இணைத்து, டிம்மரை மேலும் கீழும் திருகி, ஒரு சாயங்காலம் முழுக்க எரியவிடுங்கள். செல்ஃபோன் கேமராவில் பாருங்கள், கறுப்புப் பட்டைகள் ஓடினால் கண்ணுக்குத் தெரியாத துடிப்பு இருக்கிறது என்று அர்த்தம். கையை விளக்கடியில் வேகமாக ஆட்டிப் பார்த்தாலும் விரல்கள் துண்டு துண்டாகத் தெரியும். வேறு மாடல் மாற்ற அதுதான் சமயம்.

#18 · ஈரச்சுவர்

முடிவு செய்ததை எழுதிவிடுகிறேன், பின்னால் தேடி வருபவர்களுக்கு உதவும்.

சீலிங்கில் நான்கு வார்ம் டிம் டவுன்லைட், தனி டிரைவர், 60 டிகிரி. ஷவருக்கு மேல் இருப்பது ஐபி65. இந்த நான்கும் டிரெய்லிங் எட்ஜ் டிம்மரில். டிம்மர் மாடல் விளக்குக் கம்பெனியின் பட்டியலில் உள்ளது, நியூட்ரல் புதிதாக இழுத்தது. கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் விளக்கு, தனி சுவிட்ச், மங்காதது, 3000 கெல்வின், சிஆர்ஐ 90. அலமாரிக்கு அடியில் சென்சாரோடு சின்ன விளக்கு. ஃபேனுக்குத் தனி சுவிட்ச், நான்கு வயர்.

தொங்கவிட்டு எரித்துப் பார்த்ததில் ரீங்காரம் இல்லை, கேமராவில் பட்டை இல்லை. ஃபேன் வாயை மூடிக்கொண்டு ஓடுகிறது. வீட்டில் மஞ்சள் போதும் என்று சம்மதம் வந்துவிட்டது.

ஒன்றே ஒன்று. டிம்மரைக் கடைசிவரை இறக்கி வைத்து அணைத்துவிட்டு மறுபடி போட்டால், நான்கில் ஒன்று எரிவதில்லை. கொஞ்சம் ஏற்றினால் எழுந்துகொள்கிறது, பிறகு இறக்கினாலும் எரிந்துகொண்டே இருக்கிறது.

#19 · வயர்மேன்

டிரைவர் கோளாறு இல்லை. எரிந்துகொண்டிருக்கும் டிரைவர் தாக்குப்பிடிக்கும் அளவைவிட, அணைந்திருந்த டிரைவர் எழுந்துகொள்ள வேண்டிய அளவு அதிகம். நான்கில் அது கொஞ்சம் சோம்பேறி.

டிம்மரின் குமிழைக் கழற்றினால் பக்கத்திலோ உள்ளேயோ ஒரு சின்னத் திருகு இருக்கும், சில மாடலில் பட்டனை அழுத்திப் பிடித்து அமைக்க வேண்டும். அதுதான் குறைந்தபட்ச வெளிச்சத்தின் அளவு. எரிந்துகொண்டிருக்கும்போது எதுவரை இறங்குகிறது என்று பார்த்து அமைக்காதீர்கள். அணைத்து, சில நொடி விட்டுப் போட்டால் நான்கும் சேர்ந்து எழுந்துகொள்ளும் இடத்தில் நிறுத்துங்கள். ஃபேஸ் உள்ள பெட்டி, ஆகவே திருகு மூடிக்கு வெளியே இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் எம்சிபியை இறக்கிவிட்டுத்தான்.

#20 · ஈரச்சுவர்

கால் சுற்று ஏற்றினேன், நான்கும் ஒன்றாக எழுந்துகொள்கின்றன. நாளை போர்டு மாட்டுகிறார்கள். சேனல் ஃபோட்டோ டேப்போடு எடுத்தாயிற்று, சீலிங்காரருக்கு நன்றி.

#21 · மேல்தளம்

தாமதமாக வருகிறேன். எங்கள் பாத்ரூமில் ஃபால்ஸ் சீலிங் இல்லை, நேரடி கான்கிரீட். நடுவில் ஒரே ஒரு பாயின்ட். இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

#22 · மீட்டர்கை

பதிக்கும் விஷயங்களைத் தவிர மற்றது எல்லாம் பொருந்தும். சீலிங்கில் ஒட்டி மாட்டும் அகலமான விளக்கு எடுங்கள், ஐபி44 அல்லது மேல், டிரைவர் உள்ளேயே இருந்தாலும் மூடியைக் கழற்றி மாற்றக்கூடியது. வயர் நுழையும் ஓட்டையைச் சுற்றி ரப்பர் வாஷர் இருக்கிறதா பாருங்கள், அது இல்லாமல் மாட்டினால் ஐபி44 வெறும் எழுத்துதான். உடம்பு உலோகமாக இருந்து, சதுரத்துக்குள் சதுரம் போட்ட இரட்டைக் காப்புக் குறி இல்லாவிட்டால் எர்த் கட்டாயம். பழைய பாயின்டில் பச்சை வயர் வருகிறதா என்று விளக்கை வாங்கும் முன்பே திறந்து பார்த்துவிடுங்கள்.